பருவ இறுதியில் வீட்டுத்தோட்ட அறுவடை

வடகீழ்ப் பருவமழையை நம்பி நாட்டிய மரக்கறிச் செடிகள் மாசி, பங்குனி மாதங்களில் முதிர்ச்சியடைகின்றன. அவ்வேளையில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களில் பெரும்போக அறுவடை நடைபெறுவதால், வீட்டுத்தோட்டம் கவனிப்பாரற்றுப் போகின்றது. கமக்காரர் பலர் செடி ஓய்ந்துவிட்டதெனக் கருதிப் பிடுங்கி எறிகின்றனர்; கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் மரக்கறியை விலைக்கு வாங்குகின்றனர். இதனைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுக.

வெண்டி, பயிற்றை: ஒன்றுவிட்டொரு நாள் பறித்தல் வேண்டும். காய்களை முற்றவிடின், செடியின் உணவு விதைக்கே செல்லும். புதுப் பூக்கள் குறையும்.

கத்தரி: காய்ப்புக் குறைந்த, நோயற்ற செடிகளை நிலத்திலிருந்து ஏறத்தாழ 6 அங்குல உயரத்தில் வெட்டுக. மாட்டெருவிட்டு நீர் ஊற்றின், புதுக் கிளைகள் தோன்றி மீண்டும் காய்க்கும். வாடல் நோயோ சிற்றிலை நோயோ கண்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுக.

பூசணி: தோல் நகத்தாற் கீற இயலாதவாறு கடினமாகி, காம்பு காய்ந்த பின்னரே, 2 அங்குலக் காம்புடன் அறுக்குக. காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று முட்டாது வைப்பின், 2 அல்லது 3 மாதம் கெடாதிருக்கும்.

மூடாக்கு: நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணல் நிலம் நீரை விரைவில் இழக்கும். சூடடித்த வைக்கோலைத் தண்டிற் படாது, செடியைச் சுற்றி 3 அங்குலக் கனத்திற்குப் பரப்புக. கிணற்று நீர் மிச்சப்படும்.

விதை: சிறந்த செடிகளில் மாத்திரம் ஓரிரு காய்களை முற்றவிடுக. கலப்பினச் செடியின் விதை தாய்ச்செடியை ஒத்து அமையாது. அதனைச் சேகரித்தல் வேண்டா.

வயலிற் சூடு மிதிக்கும் நாட்களிலும், காலையில் அரை மணி நேரம் தோட்டத்திற்கு ஒதுக்குக. வறண்ட மாதங்களிலும் அடுக்களைக்குக் கறி கிடைக்கும்.