பிடிவாதக்காரப் புல்லி

கேள்வி: என் பழைய அம்பாசிடரின் ஆல்டர்னேட்டர் இரைகிறது, பேரிங் மாற்றலாமென்றால் புல்லி அசைய மறுக்கிறது. உபாயம் என்ன? (வாசகர், திருமுடிவாக்கம்)

பதில்: சுத்தியலைத் தூர வையுங்கள், அலுமினியக் கூட்டுக்கு அது பரம சத்துரு. பழைய ஃபேன் பெல்ட்டொன்றைப் புல்லியின் பள்ளத்தில் சுற்றி, அதன் இரு முனைகளையும் வைஸில் இறுகப் பிடித்து, துரு நீக்கும் எண்ணெயில் ஓரிரவு ஊறிய நட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால், எத்தகைய பிடிவாதமும் பெரும்பாலும் இணங்கிவிடும். நட்டு வந்தும் புல்லி வராவிடில், புல்லர் போட்டு நேராக இழுங்கள். தண்டிலுள்ள அரைவட்டக் கீ உருண்டோடி ஒளிவதில் மகா நிபுணன், ஜாக்கிரதை. புது பேரிங்கைப் பழையதில் பொறித்த எண்ணைக் காட்டியே வாங்கி, தண்டில் ஏற்றுகையில் உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் விழும் அடி, குண்டுகளின் தடத்தில் வடுவாகி, பழைய இரைச்சலையே மீட்டுத் தரும். பிரஸ் வேண்டுமாயின், உங்களூர் சிட்கோ பேட்டையில் பட்டறைக்கா பஞ்சம்?