காதுக்குள் ஒரு சில்வண்டு

நுழையும் முன்

கையில் காயம் பட்டால் பிறர் காண்பர். காய்ச்சல் வந்தால் தொட்டு அறிவர். ஆனால், காதுக்குள் எழும் ஓசையை அதைக் கேட்பவரைத் தவிர வேறு எவரும் அறியார். அவ்வோசை எதனால் எழுகிறது, அதை மறைப்பதால் என்ன துன்பம் நேர்கிறது என்பதை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

கோடை விடுமுறையை மதுரையில் அப்பத்தா வீட்டில் கழித்துவிட்டு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெற்றோருடன் விமானத்தில் புது தில்லிக்குத் திரும்பினாள். புறப்படும் முன்பே அவளுக்குச் சளி பிடித்திருந்தது. விமானம் மேலே எழுந்ததும் உறங்கிவிட்டாள். தரையிறங்கும் வேளையில் வலக்காதில் எழுந்த கடும் வலி அவளை எழுப்பியது. காது அடைத்துக்கொண்டது. அருகில் பேசுவோர் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலிருந்தது.

மாலைக்குள் வலி நின்றது. இரவில் விளக்கை அணைத்துப் படுத்தபோது சில்வண்டு கத்துவது போன்ற ஓசை கேட்டது. எழுந்து சாளரத்தைச் சாத்தினாள், ஓசை நிற்கவில்லை. காதைப் பொத்தினாள், முன்னிலும் உரக்கக் கேட்டது. ஓசை வெளியில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் எவரிடமும் சொல்லவில்லை. ஹெட்போனில் உரத்த ஒலியில் பாட்டுக் கேட்காதே என்று அம்மா பலமுறை கண்டித்திருந்தார். அதனால்தான் காது கெட்டுவிட்டது என்று அவள் தானே முடிவு செய்துகொண்டாள். மூன்று இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. பள்ளியில் சொல்வதெழுதுதலில் ஐந்து சொற்களைப் பிழையாக எழுதினாள்.

நான்காம் நாள் அப்பத்தா தொலைபேசியில் அழைத்தார். பேசத் தொடங்கிய சிறுமி, கருவியை வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாற்றினாள். அம்மா அதைக் கவனித்தார்.

“ஏன் கண்ணு காதை மாற்றுகிறாய்?”

சிறுமி அழுதுகொண்டே அனைத்தையும் சொன்னாள். மறுமுனையில் அப்பத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடு தாயி, சரியாகிவிடும்” என்றார்.

“மருத்துவர் பார்க்கட்டும் அத்தை. அதற்கு முன் காதில் எதுவும் விட வேண்டாம்” என்றார் அம்மா.

மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறு விளக்குக் கருவியால் காதினுள் பார்த்தார். கேட்புத்திறன் சோதனையும் செய்யப்பட்டது.

“டாக்டர், எனக்குக் காது கேட்காமல் போய்விடுமா?” என்று சிறுமி கேட்டாள்.

“போகாது. நீ மலைப்பாதையில் பேருந்தில் சென்றிருக்கிறாயா?”

“உதகைக்குச் சென்றிருக்கிறேன். அப்போதும் காது அடைத்தது.”

“விமானத்திலும் அதுவே நிகழ்கிறது. வானில் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ உதகையில் இருப்பது போலவே வைக்கப்படுகிறது. ஆகவே விமானம் ஏறி இறங்குவது காதுக்கு ஒரு மலை ஏறி இறங்குவதாகும்” என்று மருத்துவர் விளக்கினார்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு. அதுவே நடுச்செவி. அங்கிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. அதற்கு யூஸ்டேஷியன் குழல் என்று பெயர். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அக்குழல் திறந்து, இருபுறக் காற்றழுத்தத்தையும் சமன்செய்கிறது. விமானம் இறங்கும்போது வெளியழுத்தம் மிகுந்து, செவிப்பறை உட்புறமாக அழுத்தப்படுகிறது. சளியால் குழல் வீங்கியிருந்தால் அது எளிதில் திறவாது. உறங்குபவர் அடிக்கடி விழுங்குவதும் இல்லை. அதனால் வலி, அடைப்பு, இரைச்சல் ஆகியவை தோன்றுகின்றன.

சிறுமியின் செவிப்பறை கிழியவில்லை. அதன் பின்னால் சிறிது நீர் கோத்திருந்தது. “இது பெரும்பாலும் சில நாள்களிலோ சில வாரங்களிலோ குணமாகும். செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் உள்ளே சென்று கேடு செய்யும். அம்மா எண்ணெய் விடாதது நல்லது” என்றார் மருத்துவர்.

“இரவில் மட்டும் ஏன் ஓசை மிகுகிறது?” என்று அம்மா கேட்டார்.

“வெளியோசை குறையும்போது உள்ளோசை மேலெழுகிறது. அஞ்சினால் மனம் அதையே உற்றுக் கேட்கும்; உற்றுக் கேட்டால் அச்சம் வளரும். இரயில் நிலையத்தின் அருகில் குடியிருப்போர் நாளடைவில் இரயில் ஓசையைப் பொருட்படுத்துவதில்லை அல்லவா? மனம் இதையும் அவ்வாறே விட்டுவிடும். அதுவரை இரவில் மின்விசிறி ஓடட்டும், மெல்லிசை ஒலிக்கட்டும். ஓசை இருக்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்க்காதே” என்றார் அவர்.

மேலும் ஓர் எச்சரிக்கையும் தந்தார். திடீரெனக் காது கேளாமற்போனாலோ, கடும் தலைச்சுற்றல் ஏற்பட்டாலோ, காதிலிருந்து குருதியோ சீழோ வடிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. திடீர்ச் செவிக்குறைக்கு விரைந்து மருத்துவம் தொடங்கினால்தான் கேட்புத்திறனை மீட்கும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாம் வாரத்தில் அடைப்பு நீங்கியது. ஓசையும் படிப்படியாகக் குறைந்து மறைந்தது. சிறுமி அப்பத்தாவை அழைத்து, வலக்காதில் கருவியை வைத்துப் பேசினாள். அனைத்தையும் கேட்ட அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை.

“எனக்கும் அந்த வண்டு பல வருடமாகக் கத்துகிறது தாயி. வயதானால் அப்படித்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.”

“நானும் சொல்லாமல்தான் இருந்தேன் அப்பத்தா. நாளைக்கே சித்தப்பாவுடன் டாக்டரிடம் போங்கள்” என்றாள் சிறுமி.

அப்பத்தா சென்றார். முதுமையால் கேட்புத்திறன் குறைந்திருப்பது தெரிந்து, செவித்துணைக் கருவி பொருத்தப்பட்டது. வண்டு முழுவதும் அடங்கவில்லை; ஆயினும் பேத்தியின் குரல் அதைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று அவர் கூறினார்.

தெரிந்துகொள்வோம்

இசைமேதை பீத்தோவன் 1801ஆம் ஆண்டில், நண்பரும் மருத்துவருமான வெகேலருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் காதுகள் இரவும் பகலும் இரைவதையும், செவிக்குறையைச் சொல்ல இயலாமல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மக்கள் கூடும் இடங்களைத் தவிர்த்ததையும் அதில் தெரிவித்தார்.

விமானத்தில் செல்வோர் கவனத்திற்கு

1. கடும் சளி இருந்தால் பயணத்திற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.
2. தரையிறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே விழித்திருக்க வேண்டும்.
3. மிட்டாய் சுவைத்தல், நீர் அருந்துதல், கொட்டாவி விடுதல் ஆகியவை குழலைத் திறக்கும்.
4. கைக்குழந்தைக்கு அந்நேரத்தில் பால் புகட்டலாம்.

சொல்லும் பொருளும்

சாளரம் – சன்னல்
செவிப்பறை – காதினுள் உள்ள மெல்லிய சவ்வு
இரைச்சல் – இடைவிடாத ஓசை
குருதி – இரத்தம்

பயிற்சி

1. விமானம் இறங்கும்போது காது அடைப்பது ஏன்?
2. சிறுமி தன் துன்பத்தை மறைத்ததற்குக் காரணம் யாது?
3. “அஞ்சினால் மனம் அதையே உற்றுக் கேட்கும்” – விளக்குக.
4. பிரித்து எழுதுக: செவிப்பறை, வெளியோசை, காற்றழுத்தம்.
5. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் சொல்லாமல் வைத்திருக்கும் உடல்நலக் குறை ஏதேனும் உண்டா எனப் பரிவுடன் கேளுங்கள். அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள்.