காரமும் வேணும்... வயிறும் வேணும்! மாடியில் நாலு மிளகாய்ச் செடி போதும்

"டாக்டர், காரம் இல்லாம சோறு இறங்க மாட்டேங்குது. காரமா சாப்பிட்டா வயிறு எரியுது. நான் என்னதான் செய்யறது?"

என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். 'மிளகாயை அடியோடு விட்டுவிடுங்கள்' என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. எந்த மிளகாய், எவ்வளவு, எதோடு சேர்த்து, எப்போது என்ற நான்கையும் தெரிந்துகொண்டால் காரத்தோடு சுமுகமாகக் குடும்பம் நடத்தலாம். அதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம், உங்கள் வீட்டு மொட்டை மாடிதான்.

மிளகாய் நம் ஊர்ச் சரக்கா?

இல்லை. மிளகாயின் தாய்வீடு தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகள். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்களின் கப்பல் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் சமையலறையில் காரம் என்றால் மிளகு, சுக்கு, திப்பிலிதான். மிளகுபோலக் காரம் தரும் காய் என்பதால் 'மிளகாய்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். வந்தவன் வீட்டுக்காரனாகி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது!

எரிவது ஏன்?

சித்த மருத்துவம் ஆறு சுவைகளில் ஒன்றாகக் கார்ப்பைச் சொல்கிறது. காற்றும் தீயும் சேர்ந்தது கார்ப்பு. அது கபத்தைக் குறைக்கும், பித்தத்தைக் கூட்டும். சளி பிடித்த நாளில் காரசாரமாகச் சாப்பிட்டால் மூக்கு ஒழுகி, தலை லேசாவது இதனால்தான்.

விஞ்ஞானம் இன்னொரு பக்கத்திலிருந்து அதே 'தீ'க்கு வந்து சேர்ந்திருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சுடுபொருள் பட்டால் 'சுடுது' என்று மூளைக்குச் சொல்லும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. நாக்கு வெந்துபோகவில்லை, வெந்துபோனதாக மூளை நினைக்கிறது. இந்த உணர்வானை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கு இந்தக் காரம் உறைப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொறிப்பதைப் பார்த்து இனி ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொரு சேதி. காரம் விதையில் இருப்பதாகத்தான் நம் வீட்டில் சொல்வார்கள். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் அதிகம். அதைக் கீறி எடுத்துவிட்டால் மணம் நிற்கும், காரம் பெருமளவு குறைந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஒரு சூட்சுமம் போதும்.

வீட்டில் எதற்கு வளர்க்கணும்?

காரணம் மூன்று. முதலாவது, செடிக்கு என்ன தெளித்தோம் என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது, கடைத் தூளில் சாயம் கலக்கும் தொல்லை கிடையாது. (சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் தூளை லேசாகத் தூவுங்கள். நிறம் கோடு கோடாக இறங்கினால் அந்தத் தூளைத் தூரப் போடுங்கள்.) மூன்றாவதுதான் முக்கியம். டப்பாவிலிருந்து ஸ்பூனில் அள்ளிப் போடும்போது அளவு நமக்குத் தெரியாமலே ஏறிக்கொண்டே போகும். செடியிலிருந்து பறிக்கும்போது 'இன்னிக்கு ரெண்டு போதும்' என்று எண்ணிப் பறிப்போம்.

வளர்ப்பது எப்படி?

* நன்கு பழுத்துக் காய்ந்த மிளகாயின் விதையை எடுத்து, சிறு தட்டில் ஈர மண்ணில் கால் அங்குல ஆழத்தில் தூவுங்கள். ஏழு முதல் பத்து நாட்களில் முளைக்கும்.
* 35, 40 நாள் நாற்றாக ஆனதும், அடியில் ஓட்டையுள்ள 12 அங்குலத் தொட்டியில் ஒன்று வீதம் நடுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு.
* தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், பூ கொட்டும்.
* இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் சிலந்திப் பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். செடி முழுக்க முடங்கிப்போனால் அது வைரஸ். தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.
* நட்ட இரண்டு மாதத்துக்குள் பூத்துக் காய்க்கத் தொடங்கும். காயைப் பறிக்கப் பறிக்க மேலும் காய்க்கும்.

நாலு தொட்டியில் இரண்டு சம்பா, ஒரு குண்டு, ஒரு காந்தாரி வையுங்கள். சின்னக் குடும்பத்தின் அன்றாடப் பச்சை மிளகாய்த் தேவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ருசிக்க மூன்று வழி

*காந்தாரிச் சம்மந்தி:* நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்குக்கு இதுதான் ஜோடி. நாலு காந்தாரி, ஆறு சின்ன வெங்காயம், உப்பு, துளி புளி சேர்த்து அம்மியில் நசுக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குழையுங்கள்.

*பச்சை மிளகாய்த் தொக்கு:* கால் கிலோ மிளகாயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி, உப்பு, வெல்லம் சேர்த்து அரையுங்கள். பிறகு எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். காய்ந்த ஸ்பூன் மட்டுமே போட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

*மோர் மிளகாய்:* கீறிய மிளகாயை உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊற வைத்து, பகலில் வெயில், இரவில் மறுபடி தயிர் என்று தயிர் வற்றும்வரை காய வையுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே வில்லன் காரமில்லை, உப்பு!

மூன்றிலும் ஒரு ஒற்றுமையைக் கவனித்தீர்களா? எண்ணெய் அல்லது தயிர் கூடவே வருகிறது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதமும் அதைப் பிரித்தெடுத்துவிடும். அதனால் வாய் எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், ஒரு வாய் தயிர் சாப்பிடுங்கள். மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். பொடிக்கு நல்லெண்ணெய், காரக் குழம்புக்குப் பின் மோர் என்று பாட்டி வைத்த வரிசை வெறும் வழக்கமில்லை!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

வயிற்றுப் புண்ணை மிளகாய் உண்டாக்குகிறது என்றே பல காலம் நினைத்தோம். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் வேறு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அது. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்னொரு குற்றவாளி, டாக்டரைக் கேட்காமல் தினமும் விழுங்கும் வலி மாத்திரை. மூட்டுவலிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டே, காரத்தை மட்டும் நிறுத்திவிட்டு 'எரிச்சல் போகலையே' என்று வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். புண்ணுக்குக் காரணத்தைத் தேடாமல் மிளகாயைப் பழிப்பதால் நோய்தான் வளரும்.

மிளகாய் பஜ்ஜியும் அப்படித்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்ததை ராத்திரி பத்து மணிக்கு நாலு தின்றுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு கரிக்காமல் என்ன செய்யும்? புது எண்ணெய், மாவில் கொஞ்சம் ஓமம், மாலை ஐந்து மணிக்கு இரண்டே இரண்டு. படுக்கப் போகுமுன் எல்லாம் செரித்துவிடும்.

யார் ஒதுங்கணும்?

வயிற்றுப் புண் இருப்பவர்கள், நெஞ்சு கரிப்பு அடிக்கடி வருபவர்கள், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள், ரத்த மூலக்காரர்கள் குணமாகும்வரை காரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். புண்ணை மிளகாய் உண்டாக்காவிட்டாலும், இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டும். சின்னக் குழந்தைகளுக்குக் காரத்தைப் பழக்க அவசரம் வேண்டாம்.

கறுப்பாகத் தார் போல மலம் போனால், வாந்தியில் ரத்தம் வந்தால், விழுங்கச் சிரமப்பட்டால், காரணமின்றி எடை குறைந்தால், கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். சித்த மருத்துவனாகவே சொல்கிறேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்செரிச்சலோடு வியர்வையும், இடது தோள் அல்லது தாடையில் வலியும் வந்தால் 'நேத்து காரம் ஜாஸ்தி' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவே கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிஷமும் உயிர்க்கணக்கு.

இந்த வாரமே ஒரு தொட்டியில் விதை போடுங்கள். முதல் காயைப் பறித்ததும் பாதியாகக் கீறி, அந்த வெள்ளைச் சதையை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டி, 'காரம் இங்கேதான் குடியிருக்கு' என்று சொல்லிக் கொடுங்கள். காரத்தின் இருப்பிடமும் அளவும் தெரிந்த வீட்டில் நாக்குக்கும் வயிற்றுக்கும் சண்டை வராது.