ப்ரிட்ஜ் எவ்வளவு கரண்ட் சாப்பிடுகிறது? எக்ஸெலில் கண்டுபிடிக்கலாம்!

"எக்ஸெல் கற்றுக்கொண்டு என்ன செய்வது? நான் என்ன ஆபீசா நடத்துகிறேன்?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. என் மைத்துனரின் கடையில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். கூடவே நீங்களும் செய்து பாருங்கள்.

திருப்பூர் நல்லூரில் அவர் ஒரு சிறிய சூப்பர் மார்க்கெட் நடத்துகிறார். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பால், தயிர், மாவு பாக்கெட் வாங்குவது அங்கேதான். கோடையில் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது.

"கண்ணாடி ப்ரிட்ஜை இந்தப் பையன் சரியா சாத்தறதே இல்லீங்க மாமா. வேலையை விட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஒரு வாரம் பொறுங்க மாப்ள. கணக்குப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

முதலில் அளவு

கரண்ட் பில் கடை முழுவதற்குமான மொத்தக் கணக்கு. அதில் ப்ரிட்ஜின் பங்கு தெரியாது. எனவே எலக்ட்ரீஷியனை வைத்து ப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் மாட்டினோம். தினமும் காலை 7 மணிக்கு ரீடிங் எடுத்தோம். நேரம் மாறினால் கணக்கும் மாறிவிடும், கவனம்.

இனி எக்ஸெல்

1. புதிய ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, ரீடிங், யூனிட், உள்ளே வெப்பம், வெளியே வெப்பம், குறிப்பு என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

2. ரீடிங்கில் எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். "1240 யூனிட்" என்று சேர்த்து அடித்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, கணக்கு வராது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

3. இரண்டாம் நாள் வரிசையில், யூனிட் தலைப்பின் கீழ் உள்ள செல்லில் = குறியை டைப் செய்யுங்கள். இன்றைய ரீடிங் செல்லை க்ளிக் செய்து, கழித்தல் குறியை அடித்து, நேற்றைய ரீடிங் செல்லை க்ளிக் செய்து எண்டர் தட்டுங்கள். கிடைப்பது நேற்றைய 24 மணி நேரச் செலவு.

4. அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற நாட்களுக்கும் ஃபார்முலா தானாக வந்துவிடும்.

5. யூனிட் எண்களை செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட்டைக் கொடுங்கள். செலவு ஏறி இறங்குவது கோடாகத் தெரியும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதையே செய்யலாம்.

கோடு சொன்ன உண்மை

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. சராசரி நாளுக்கு 14 யூனிட் வந்தது. அந்த வாரம் புதன்கிழமை குலதெய்வக் கோயில் பொங்கலுக்காகக் கடைக்கு லீவு. ப்ரிட்ஜ் கதவை யாரும் தொடவே இல்லை. அன்றைய செலவு? 13.5 யூனிட்!

கதவு மூடியே இருந்த நாளிலும் செலவு குறையவில்லை என்றால் குற்றம் பையனிடம் இல்லை, மெஷினில் இருக்கிறது. பின்பக்கம் பார்த்தோம். உள்ளிருந்து இழுத்த சூட்டை வெளியே விடுவது கண்டென்சர் காயில். பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பறந்து வந்த பஞ்சு, அதன்மேல் கம்பளிபோல் அப்பியிருந்தது. சூடு வெளியேற வழியில்லாததால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியிருக்கிறது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். சுவரிலிருந்தும் சற்றுத் தள்ளி வைத்தோம். இரண்டாம் வாரம் சராசரி 11 யூனிட். நாளுக்கு 3 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 180 யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கினால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும்.

இன்னும் சில வழிகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எதனால் குறைந்தது என்று தெரியாது. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. காற்று வரும் வழியைச் சரக்கால் அடைக்காதீர்கள். ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாகப் படியவிடாதீர்கள்.

பாலுக்கு 5 டிகிரி, உறைந்த உணவுக்கு மைனஸ் 18 டிகிரி. அதற்கும் கீழே குளிர வைப்பது வீண் செலவு. அதைவிடச் சூடாக வைத்து மிச்சம் பிடிப்பதும் கூடாது; பால் கெட்டுவிடும். "உள்ளே வெப்பம்" என்ற தலைப்பு அதற்காகத்தான்.

கதவே இல்லாத திறந்த குளிர்ப்பெட்டி வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். அதன் வேலையில் பாதிக்கும் மேல் உள்ளே நுழையும் வெளிக்காற்றைக் குளிர்விப்பதுதான். பிரான்சில் 2012ஆம் ஆண்டிலேயே பெரிய கடைகளின் சங்கம், 2020க்குள் இத்தகைய பெட்டிகளில் நான்கில் மூன்று பங்குக்குக் கதவு போடுவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டில் எரிசக்தி சிக்கன அமைப்பு 2020 மார்ச்சில் டீப் ஃப்ரீசருக்கும் நட்சத்திர லேபிளைக் கொண்டுவந்தது. புதிதாக வாங்கும்போது நட்சத்திரத்தைப் பாருங்கள்.

மைத்துனர் கடையில் அந்தப் பையன் இப்போதும் வேலையில் இருக்கிறான். மாதம் இருமுறை காயிலைச் சுத்தம் செய்வதும், தினமும் ரீடிங்கை எக்ஸெலில் ஏற்றுவதும் அவன்தான்.

நீங்கள் உங்கள் வீட்டு ப்ரிட்ஜிலிருந்து தொடங்குங்கள். ப்ளக்கில் மாட்டும் சிறிய பவர் மீட்டரே அதற்குப் போதும்.