ஆன்லைனில் பொடி விற்கிறீர்களா? செய்கூலி, சேதாரம் சேர்த்து விலை போடுங்கள்

நகைக்கடையில் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், வீட்டில் இட்லிப் பொடி அரைத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும்போது அந்த இரண்டையும் கணக்கில் எழுதவே மறந்துவிடுகிறோம். மளிகைச் செலவைக் கூட்டி, மேலே பத்து இருபது வைத்து, பக்கத்துத் தெரு அக்கா என்ன விலை போட்டிருக்கிறார் என்று எட்டிப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். முதல் எட்டு மாதம் நானும் அப்படித்தான். ஆர்டர் குவிந்தது, கையில் காசு நிற்கவில்லை. பிறகு நோட்டும் தராசுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தவை இவை. இட்லிப் பொடியை வைத்துச் சொல்கிறேன். ஊறுகாய், முறுக்கு, வத்தல் எதுவானாலும் வழி இதுதான்.

1. அரைத்து முடித்த பிறகு எடை போடுங்கள். ஓர் ஈட்டுக்கு நான் எடுப்பது உளுந்து அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, வற்றல் மிளகாய் 150 கிராம், எள் 100 கிராம், பிறகு கல்லுப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. மளிகைப் பில் ரூ.180. எல்லாம் சேர்த்து 1,050 கிராம். வறுக்கும்போது ஈரம் போகிறது, மிளகாய்க் காம்பு கழிகிறது, மிக்ஸி ஜாடியின் மூடியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் தராசில் நிற்பது 960 கிராம். கால் கிலோ பாக்கெட்டுக்குச் சரக்கு 43 ரூபாய் என்று நினைத்திருந்தேன், உண்மையில் 47. அந்த நாலு ரூபாய்தான் சேதாரம். உங்கள் கைப்பக்குவத்தில் எவ்வளவு கழிகிறது என்று மூன்று ஈடு எடை போட்டுப் பார்த்துச் சராசரி எடுங்கள்.

2. உங்களுக்கு நீங்களே கூலி கொடுங்கள். வறுத்து, ஆறவைத்து, அரைத்து, பாக்கெட் போட்டு ஒட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆள் வைத்தால் மணிக்கு ரூ.80 கொடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் 120 ரூபாய், பாக்கெட்டுக்கு 31. கவரும் லேபிளும் 8, கேஸும் கரண்டும் 5. ஆக, அடக்க விலை 47 + 31 + 8 + 5 = ரூ.91. “வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே, அதற்கு என்ன கூலி?” என்று யாராவது கேட்டால், ஏப்ரல் மாத மதியத்தில் அவர்களை ஓர் ஈடு மிளகாய் வறுக்கச் சொல்லுங்கள். கூலியைச் சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் ஆர்டர் ஏறி உதவிக்கு ஆள் வைத்தால், அந்தச் சம்பளத்தை இந்த விலைதான் தாங்க வேண்டும்.

3. சதவீதத்தைக் கூட்டாதீர்கள், வகுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். விற்பனைத் தளம் கமிஷன் எடுப்பது நீங்கள் விற்கும் விலையில். உங்கள் அடக்க விலையில் அல்ல. அந்தக் கமிஷன்மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு. அதாவது 17% கமிஷன் என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 20%. உங்களுக்கு 20% லாபம் வேண்டும் என்றால், 91-உடன் 40% சேர்த்து 127 ரூபாய் என்று போடத் தோன்றும். 127-ல் 20% தளத்துக்குப் போனால் மீதி சுமார் 102. அடக்கம் 91 போக நிற்பது 11 ரூபாய். 9% கூட இல்லை. சரியான வழி இது: 100-லிருந்து கமிஷன் 20, லாபம் 20 இரண்டையும் கழித்தால் 60. அடக்க விலையை 0.60-ஆல் வகுங்கள். 91 ÷ 0.60 = 152. இப்போது தளத்துக்கு 30 போக, உங்களுக்கு 30 ரூபாய்க்கு மேல் நிற்கும். வாட்ஸ்அப்பில் நேராக விற்றால் கமிஷன் இல்லை, 0.80-ஆல் வகுத்தால் போதும், ரூ.114. ஒரே பொடிக்கு இரண்டு விலையா என்று கூச்சப்பட வேண்டாம். தளத்துக்குக் கொடுப்பது கடை வாடகை மாதிரி.

4. கூரியர் கணக்கு. ‘சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்’ என்று பெரியவர்கள் சொன்னது பொடி வியாபாரத்துக்கே சொன்ன மாதிரி இருக்கும். பெரும்பாலான கூரியர்களில் கட்டணம் அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் ஏறும். 510 கிராம் பார்சலுக்கும் ஒரு கிலோ பார்சலுக்கும் ஒரே காசு. இது எனக்குத் தெரிந்தது கவுண்டரில் நின்றபோது. கால் கிலோ பாக்கெட் இரண்டு, அரைக் கிலோதானே என்று நினைத்துப் போனேன். கவர், அட்டைப் பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்து மெஷினில் 600 கிராம் காட்டியது. வாடிக்கையாளரிடம் அரைக் கிலோவுக்குத்தான் வாங்கியிருந்தேன். மிச்சம் என் கைக்காசு. அப்படி எத்தனை பார்சல் அனுப்பியிருந்தேன் என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, பாக்கெட்டை 200 கிராமாக மாற்றி, அதற்கேற்ப விலையும் வைத்தேன். இரண்டு பாக்கெட்டும் மெல்லிய பெட்டியும் சேர்ந்து 490 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. இன்னொன்று, கால் கிலோவே வேண்டும் என்று இரண்டு கேட்பவரிடம், “மூன்றாவது பாக்கெட்டுக்குக் கூரியர் காசு கிடையாதுங்க, சேர்த்து அனுப்பட்டுமா?” என்று கேட்டுவிடுகிறேன். பொய் இல்லை, மூன்று பாக்கெட்டும் பெட்டியோடு ஒரு கிலோவுக்குள்தான் வருகிறது. அவருக்கு லாபம், எனக்கு இன்னொரு பாக்கெட் விற்பனை.

5. முறுக்கு, அப்பளம், வத்தல் விற்பவர்கள் இஞ்ச் டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி பெரிதாக, எடை குறைவாக இருந்தால் கூரியர்காரர்கள் அளவை வைத்தே எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பதுதான் வழக்கம். 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 9,000 ÷ 5,000 = 1.8 கிலோ. உள்ளே இருப்பது முக்கால் கிலோ முறுக்குதான் என்றாலும் காசு 1.8 கிலோவுக்கு. பெட்டியைச் சிறிதாக்குவது முறுக்கைச் சிறிதாக்குவதைவிடச் சுலபம்.

6. லேபிளில் விலையை அவசரப்பட்டு அச்சடிக்காதீர்கள். பாக்கெட்டில் போட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்கக்கூடாது. அதன்மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டவும் கூடாது. மலிவாக வருகிறதே என்று ஆயிரம் லேபிள் அடித்துவிட்டால், மிளகாய் விலை ஏறியதும் அந்தக் கட்டு அப்படியே வீண். பெயர், முகவரி, எடை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் ஆகியவற்றை அச்சடித்து, தேதிக்கும் விலைக்கும் இடம் விட்டுவிடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் போதும். எம்ஆர்பி எப்போதும் நீங்கள் விற்கும் மிக உயர்ந்த விலையாக இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கில் அது 152-க்குக் குறையக்கூடாது.

7. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கு: 2023 அக்டோபரிலிருந்து சிறு வியாபாரிகள் விற்பனைத் தளங்கள் வழியே சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். அதற்கென ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டால் போதும். தளம் வழியே பெங்களூருக்கும் மும்பைக்கும் அனுப்ப வேண்டும் என்றால் முழுப் பதிவு தேவை. அப்போது வரியும் ஆடிட்டர் செலவும் அடக்க விலையில் ஏறும்.

8. தள்ளுபடி வேண்டாம், கொசுறு கொடுங்கள். 114 ரூபாய் பொடிக்கு ஆடித் தள்ளுபடி 10% என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் லாபம் 23 ரூபாயிலிருந்து 11.60-ஆக இறங்குகிறது. பத்துப் பாக்கெட்டில் பார்த்த காசைப் பார்க்க இருபது பாக்கெட் அரைக்க வேண்டும். காய்கறிக் கடையில் இரண்டு இணுக்கு கறிவேப்பிலை வைத்துக் கொடுப்பாரே, அந்த வழி நல்லது. 25 கிராம் பருப்புப் பொடியைச் சின்ன கவரில் போட்டு உள்ளே வையுங்கள். உங்களுக்கு ஆறேழு ரூபாய்தான் செலவு. அடுத்த ஆர்டரில் அவர்களே பருப்புப் பொடியும் கேட்பார்கள். வைக்கும் முன் நாலாம் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள், கொசுறு எடை பெட்டியை அடுத்த அரைக் கிலோவுக்குத் தள்ளிவிடக்கூடாது.

9. சொந்தக்காரர்கள். “நமக்குள்ள என்னம்மா விலை, பார்த்துப் போட்டுக் கொடு” என்பார் சித்தி. “முதல் பாக்கெட் என் அன்பளிப்பு சித்தி, அடுத்ததிலிருந்து எல்லாருக்கும் உள்ள விலைதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. சித்தி கோபித்துக்கொள்ளவில்லை.

10. பணம் வந்த பிறகே பார்சல் கட்டுங்கள். பொருளை வாங்கிக்கொண்டு காசு தருகிறேன் என்பவர் கதவைத் திறக்காவிட்டால், போன கட்டணம், திரும்பி வந்த கட்டணம் இரண்டும் உங்கள் தலையில். திரும்பி வந்த பொடியை இன்னொருவருக்கு அனுப்பவும் மனம் வராது. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

11. ஊறுகாய் விற்பவர்கள் கண்ணாடி பாட்டிலைத் தவிர்க்கலாம். எடையும் கூட, உடைந்தால் எண்ணெய் பக்கத்துப் பார்சலையும் நனைத்துவிடும். உடைந்ததற்குப் பதில் அனுப்பும் செலவை மாதக் கடைசியில் கூட்டி, அத்தனை பாட்டிலுக்கும் பங்கிட்டு அடக்க விலையில் சேருங்கள்.

12. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மளிகைப் பில்லைப் புதிதாக எழுதி விலையைத் திருத்துங்கள். புது மிளகாய் வரத்து மாசி, பங்குனியில். அப்போது வாங்கி, வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் ஐப்பசி வரை விலை ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் போடுகிறீர்கள் என்றால் லேபிளில் அதைச் சொல்லுங்கள். விலை ஏன் கூட என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

இங்கே போட்டிருக்கும் மளிகை விலையும் கூலியும் என் அடுப்படிக் கணக்கு. உங்கள் ஊர்ப் பில்லை வைத்து உங்கள் தொகையைப் போடுங்கள். அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும் முன், கட்டி முடித்த பார்சல் ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள்.