குதிரைக் குட்டியின் வயிற்றுக் கோளாறுகளும் அவற்றைக் கையாளும் முறையும்

பெட்டைக் குதிரை சினையுற்றுச் சுமார் 11 மாதங்கள் கழித்தே குட்டி ஈனுகிறது. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே பிறக்கும். அக்குட்டி இறந்துபடுமாயின், வளர்ப்போரின் ஓராண்டு உழைப்பும் செலவும் வீணாகின்றன. நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சுமார் 6.2 இலட்சம் இருந்தன. 2019 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இத்தொகை சுமார் 3.4 இலட்சமாகக் குறைந்தது. இராஜஸ்தானத்தின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி, லடாக்கின் ஜான்ஸ்காரி, மணிப்பூரின் மட்டக் குதிரை முதலிய நாட்டினங்களைப் பேண வேண்டுமாயின், பிறக்கும் குட்டிகளைப் பிழைக்கச் செய்வதே முதற்கடமையாகும்.

இளங்குட்டிகளுக்கு வரும் நோய்களுள் கழிச்சல் மிகப் பரவலானது. ஆனால் எல்லாக் கழிச்சலும் ஆபத்தானவை அல்ல. தானே நீங்குவது எது, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது எது எனப் பிரித்தறிவதே வளர்ப்போர் கற்க வேண்டிய பாடமாகும்.

செரிமான உறுப்புகளின் அமைப்பு

குதிரை புல்லுண்ணும் பிராணியாயினும் மாட்டைப் போல் அசை போடுவதில்லை. அதன் இரைப்பை ஒன்றே. வளர்ந்த குதிரையிலும் அது 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். புல்லின் நார்ப்பொருளைச் சிதைக்கும் வேலை பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. பிறந்த குட்டியின் குடலில் இந்நுண்ணுயிர்கள் இல்லை. ஆதலின் முதல் வாரங்களில் அது சிறுகுடலிற் செரிக்கும் தாய்ப்பாலைக் கொண்டே வாழ்கிறது. குட்டி தாயின் இலத்தியைத் தின்பதைக் கண்டு சிலர் அஞ்சுவர். இது இயற்கையான பழக்கமே. தேவையான நுண்ணுயிர்களைக் குட்டி இவ்வழியே பெறுவதால் அதனைத் தடுக்க வேண்டியதில்லை.

முதல் நாள்

நலமுள்ள குட்டி பிறந்த 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். 2 மணி நேரத்துக்குள் மடியைப் பற்றிப் பால் குடிக்கும். குதிரையினத்தில், நோய் எதிர்க்கும் பொருள்கள் கருப்பையில் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்வதில்லை. அவற்றைச் சீம்பாலிலிருந்தே குட்டி பெறுதல் வேண்டும். அப்பொருள்களைச் சிதையாமல் உறிஞ்சும் ஆற்றல் குடலுக்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, சுமார் 24 மணி நேரத்தில் அற்றுப்போகிறது. முதல் நாளில் சீம்பால் குடியாத குட்டி, பின்னர் எவ்வளவு பால் குடித்தாலும், எளிதில் நோய்வாய்ப்படும். ஐயமிருப்பின், கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, தேவையாயின் குதிரையின் இரத்த நிணநீரைச் செலுத்துவார்.

கருவிலிருந்த போது குடலில் தங்கிய முதல் மலம் கரிய நிறமும் பிசுபிசுப்பும் உடையது. அது 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். அதன்பின் மஞ்சள் நிறமான பால்மலம் காணப்படும். முதல் மலம் தங்கிவிட்டால் குட்டி வாலைத் தூக்கி, முதுகை வளைத்து முக்கும். பால் குடிப்பதை விட்டுப் படுத்துப் புரளும். அப்போது வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைச் சிறிது கரைத்து, மிருதுவான குழாய் வழியே மெதுவாக எனிமா கொடுக்கலாம். நீர் தானே இறங்க வேண்டும், விசையுடன் செலுத்தலாகாது. இதனாற் பயனில்லையெனில் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரண்டாம் வாரக் கழிச்சல்

பிறந்த 5 முதல் 15 நாட்களுக்குள் பெரும்பாலான குட்டிகளுக்கு இலேசான கழிச்சல் உண்டாகிறது. அதே காலத்தில் தாய் மீண்டும் பருவத்துக்கு வருவதால், அதன் பாலில் நேரும் மாறுதலே இதற்குக் காரணம் என முன்னர் எண்ணினர். தாயைப் பிரிந்து புட்டிப்பாலில் வளரும் குட்டிகளுக்கும் இதே வயதில் கழிச்சல் உண்டாவதால் அக்கருத்து கைவிடப்பட்டது. குடலில் புதிய நுண்ணுயிர்கள் குடியேறுவதால் நேரும் மாறுதலே காரணம் என இன்று கருதப்படுகிறது. இக்கழிச்சல் சில நாட்களில் தானே நீங்கும், மருந்து வேண்டியதில்லை. வால், தொடை ஆகிய பகுதிகளை வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் தடவினால் தோல் புண்ணாகாது.

அபாயக் குறிகள்

ரோட்டா வைரஸ், சால்மொனெல்லா, கிளாஸ்டிரிடியம் முதலிய கிருமிகளால் வரும் கழிச்சல் வேறு வகையினது. இலத்தியின் தோற்றத்தை மட்டும் கொண்டு இரண்டையும் வேறுபடுத்த இயலாது. குட்டியைப் பார்ப்பதோடு தாயின் மடியையும் பார்க்க வேண்டும். மடி தளர்ந்திருந்தால் குட்டி நன்கு குடிக்கிறது என அறியலாம். மடி விம்மிப் பால் தானே சொட்டுமாயின், குட்டி குடிப்பதை நிறுத்திவிட்டது என்பது பொருள். மற்ற குறிகள் தோன்றுமுன்னரே பெரும்பாலும் இது தென்படும்.

உடல் வெப்பம் 38.9 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படுதல், கண்கள் குழிவிழுதல், ஈறு உலர்தல், கால்களும் காதுகளும் குளிர்தல், இலத்தியில் இரத்தம் காணல், வயிறு உப்புதல், எழ மறுத்தல் ஆகியவை ஏனைய அபாயக் குறிகளாம். இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே, இரவாயினும், மருத்துவரை அழைக்க வேண்டும். சிறிய உடலிலிருந்து நீரும் உப்புகளும் விரைந்து வெளியேறுவதால், மறுநாள் வரை காத்திருத்தல் குட்டியை இழப்பதாக முடியலாம்.

மருத்துவர் வரும் வரை குட்டியைத் தாயுடன் உலர்ந்த படுக்கையில், குளிர் படாமல் வைத்திருக்க வேண்டும். சோர்ந்த குட்டியின் வாயில் பாலையோ கஷாயத்தையோ பலவந்தமாக ஊற்றலாகாது. அது நுரையீரலிற் சென்று உயிருக்கு ஊறு செய்யும். மனிதருக்கான பேதி மருந்துகளைத் தாமாகக் கொடுத்தலும் தவறு. கிருமிகள் பிற குட்டிகளுக்கும், சால்மொனெல்லா மனிதருக்கும் பரவக்கூடியவை. ஆகவே நோயுற்ற குட்டியைத் தனியே வைத்து, கடைசியாகக் கவனித்து, கைகளைச் சோப்பினால் கழுவ வேண்டும். லாயத்தில் இலத்தியை அகற்றிக் கழுவிய பின்னரே கிருமிநாசினி பயன் தரும்.

தாயற்ற குட்டி

குதிரைப் பாலில் பசும்பாலைவிடச் சர்க்கரை மிகுதி, கொழுப்பு குறைவு. ஆகவே பசும்பாலை அப்படியே கொடுத்தால் குட்டிக்கு வயிறு கெடலாம். கொழுப்புக் குறைந்த பசும்பாலில் லிட்டருக்குச் சுமார் 20 கிராம் குளுக்கோஸ் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். குளுக்கோசுக்குப் பதிலாகக் கரும்புச் சர்க்கரை சேர்க்கலாகாது. அதைச் செரிக்கும் ஆற்றல் இளங்குட்டிக்கு இல்லாமையால் கழிச்சல் உண்டாகும். பாலைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே நன்று.

புழுக்களும் பால் மறத்தலும்

ஒருவகை நூற்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டியை அடைகிறது. பெரிய உருண்டைப் புழுக்களின் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாதிருந்து, சில மாத வயதுடைய குட்டிகளைத் தாக்குகின்றன. புழு மிகுந்த குட்டிக்குத் திடீரெனக் கடுமையான மருந்து கொடுத்தால், செத்த புழுக்கள் குடலை அடைத்துக் கொள்ளலாம். ஆகையால் 2 அல்லது 3 மாத வயதில் இலத்தியைச் சோதித்து, மருத்துவர் குறிக்கும் மருந்தையே கொடுக்க வேண்டும்.

4 முதல் 6 மாத வயதில் பால் மறக்கச் செய்வர். அதற்குச் சில வாரங்கள் முன்னரே புல், குதிரைமசால், சிறிது தானியம் ஆகியவற்றைப் பழக்க வேண்டும். எந்தத் தீவன மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் படிப்படியாகச் செய்தல் வேண்டும். குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாதாகையால், அளவு மீறிய தானியம் வயிற்றில் புளித்துக் கடும் வலியை விளைவிக்கும்.

குட்டி பிறந்த முதல் 4 வாரங்களுக்கு, இலத்தியின் தன்மை, தாயின் மடி, குட்டியின் உடல் வெப்பம் ஆகிய மூன்றையும் காலை மாலை இருவேளையும் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். மருத்துவர் வரும்போது அக்குறிப்பேடு நோயின் தொடக்கத்தை அவருக்குத் தெளிவாகக் காட்டும்.