தீவுச் சுற்றுலாவும் திட்டமிடுதலும்

நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதியைத் தீவு என்கிறோம். இதனை நம் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவரும் தடையின்றிச் சொல்வர். ஆனால், ஒரு தீவிற்குக் குடும்பத்தோடு சென்று, காண வேண்டியவற்றைக் கண்டு, நலமாக வீடு திரும்புவது எப்படி என்று கேட்டால், பெரியவர்களும் சற்றுத் தயங்குவர்.

புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடல் புதியதன்று. விடுமுறை நாட்களில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சென்று வருகிறோம். அங்கே நாம் காண்பது மலாக்கா நீரிணை. அதே நீரிணையில், வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பினாங்குத் தீவு உள்ளது. ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் மலையும் கடலும், பழைய நகரமும், நம் முன்னோர் வரலாறும் ஒருங்கே அமைந்துள்ளன. எனவே, அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

நாங்கள் கற்ற பாடம்

2006ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் நம் தோட்டத்தார் சிலரோடு நாங்கள் பினாங்கு சென்றோம். பேருந்து பேசினோம், பணம் திரட்டினோம், புறப்பட்டோம். வேறு திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. அன்று பொது விடுமுறை என்பதால் கொடிமலை அடிவாரத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். பிள்ளைகள் பசியால் அழுதனர். மலையேறாமலே திரும்பி, உச்சி வெயிலில் கடலில் இறங்கினோம். மாலையில் கடைகளில் பொருள் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். "பினாங்கில் என்ன பார்த்தாய்?" என்று ஒரு மாணவனைக் கேட்டபோது, "பேருந்து பார்த்தேன்" என்றான். நாங்கள் சிரித்தோம், ஆயினும் வெட்கமாகவும் இருந்தது.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. அது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அப்பயணத்தில் எங்களோடு ஒரு பாட்டியும் வந்திருந்தார். பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது பேருந்தில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பாட்டி மட்டும் சன்னலோரம் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய சில நாட்களுக்குப்பின் அவர் எங்களிடம், "வாத்தியாரய்யா, பாலத்துக்குப் பக்கத்துல ஒரு பச்சைத் தீவு தெரிஞ்சுதே, கவனிச்சீங்களா? எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு நான் முதன்முதலா கால் வச்ச மண்ணு அதுதான்" என்றார்.

அத்தீவின் பெயர் ஜெரெஜாக். கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த முகாம் அங்கிருந்தது. பாட்டி 1930-களில் சிறுமியாகப் பெற்றோருடன் வந்திறங்கி, கெடாவிலுள்ள ஒரு தோட்டத்தில் வளர்ந்து, திருமணமாகி நம் தோட்டத்திற்கு வந்தவர். அவருக்கு அருகில் அமர்ந்திருந்த பேரப்பிள்ளைகளுக்கு இச்செய்தி தெரியாது. கற்பிக்கும் எங்களுக்கும் தெரியாது. புறப்படுமுன் ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருந்தால், பாலத்தின் மேலேயே பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுப் பாடம் நடந்திருக்கும். திட்டமிடுதல் என்பது பேருந்தும் உணவும் பற்றியது மட்டுமன்று என்பதை அன்று அறிந்தோம்.

காலம் அறிதல்

தீவுப் பயணத்திற்கு முதலில் அறிய வேண்டியது பருவம். நம் நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள தியோமான், ரெடாங், பெர்ஹென்தியான் ஆகிய தீவுகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது தகாது. வடகிழக்குப் பருவக்காற்றால் அப்போது கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரையிலுள்ள பினாங்கு, பங்கோர், லங்காவி ஆகியவற்றைச் சுமத்திரா தீவு ஓரளவு காக்கிறது. ஆயினும், பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அம்மாதங்களைத் தவிர்த்தல் நலம். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலையில் பெருங்கூட்டம் கூடும். வழிபாட்டுக்காகச் செல்வோர் அப்போது செல்லலாம். ஊர் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பணம் சேர்த்தல்

தோட்டப் பாட்டாளிகளுக்கு விடுப்பும் அரிது, பணமும் அரிது. ஆதலால், ஓராண்டு முன்பே சேமிக்கத் தொடங்குதல் வேண்டும். ஒரு குடும்பம் நாள்தோறும் இரண்டு வெள்ளியை உண்டியலில் இட்டால், ஓராண்டில் 730 வெள்ளி சேரும். இதில் பத்தில் ஒரு பங்காகிய 73 வெள்ளியை நோய் முதலிய அவசரத் தேவைக்கென முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சிய 657 வெள்ளியைப் பயணம், தங்குமிடம், உணவு, நுழைவுக் கட்டணம் என நான்காகப் பிரித்து எழுதுக. இக்கணக்கை மாணவர்களையே எழுதச் சொல்லலாம். தாம் சேர்த்த பணத்தின் அருமையை அவர்கள் அறிவர். கடையில் கண்டதையெல்லாம் கேட்கமாட்டார்கள்.

மூன்று நாள் திட்டம்

பயணத்தை மூன்று நாட்களுக்கு வகுத்துக்கொள்வோம். முதல் நாள் நகரம், இரண்டாம் நாள் மலை, மூன்றாம் நாள் கடல். கடலை இறுதியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கடலாடிய பிள்ளைகள் களைத்துவிடுவர். அதன்பின் எதனையும் ஊன்றிப் பார்க்கமாட்டார்கள்.

முதல் நாள்: இரவிலேயே புறப்பட்டால் விடியும் வேளையில் பினாங்குப் பாலத்தை அடையலாம். 1985இல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். தீவை நோக்கிச் செல்லும்போது இடப்பக்கம் தெரிவதே ஜெரெஜாக். பாட்டை நிறுத்திவிட்டு, அத்தீவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்குப் பிற்காலத்தில் காசநோய் மருத்துவமனையும், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையும் இருந்தன.

பசியாறிய பின், வெயில் ஏறுமுன் ஜார்ஜ் டவுனை நடந்து பார்த்தல் வேண்டும். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இத்தீவைத் தம் கம்பெனியின் உடைமையாக்கிக்கொண்டார். கார்ன்வாலிஸ் கோட்டை அக்காலத்தை நினைவூட்டுகிறது. கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் பழைய பிட் தெரு உள்ளது. இப்பொழுது அது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை எனப்படுகிறது. தமிழ் முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், ஆங்கிலேயர் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயம் ஆகிய நான்கையும் சிறு நடையிலேயே காணலாம். பல இனத்தார் அடுத்தடுத்து வாழ்ந்து வழிபட்ட இந்நகரை, மலாக்காவுடன் சேர்த்து, 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்றது.

தமிழ்ப்பள்ளி மாணவர் தவறாமல் காண வேண்டிய இடம் பர்குவார் தெருவில் உள்ளது. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழும் கற்பிக்கப்பட்டது. இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அவ்வாண்டையே கொள்கிறோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அப்பள்ளி பின்னர் இயங்கிய பர்குவார் தெருக் கட்டடத்தை வெளியிலிருந்தேனும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாம் படிக்கும் தமிழுக்கு இந்நாட்டில் இரு நூற்றாண்டு வயது என்பதை அவர்கள் உணர்வர்.

பகலுணவுக்கு நாசி கண்டார் உண்ணலாம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் கறியையும் தோள்தடியின் இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றனர். அத்தடிக்குக் 'கண்டார்' என்று பெயர். நம்மவர் சுமந்து விற்ற உணவு இன்று நாடு முழுதும் விரும்பி உண்ணப்படுகிறது.

இரண்டாம் நாள்: காலை முதல் வண்டியிலேயே கொடிமலை ஏறுதல் நன்று. எங்களைப்போல் பகலில் சென்று வரிசையில் வாடாதீர்கள். இம்மலை இரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. முன்னாளில் இடையில் வண்டி மாறி அரை மணி நேரம் செல்ல வேண்டும். 2011இல் புதிய வண்டிகள் வந்தபின், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்ப் பாதையைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். உயரம் ஏற ஏற வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது அறிவியல். எனவே, குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் மெல்லிய மேலாடை கொண்டு செல்க. மலைமேல் முருகன் ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. அங்கிருந்து பார்த்தால் நகரமும், நீரிணையும், இரு பாலங்களும் தெரியும். நிலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதுவே சிறந்த புவியியல் பாடமாகும்.

பிற்பகலில் 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவையும், அதனருகே தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தையும் காணலாம். ஆலயத்திற்கு 513 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோரை வற்புறுத்த வேண்டா. அவர்களோடு ஒருவர் அடிவாரத்திலேயே துணையிருத்தல் முறை.

மூன்றாம் நாள்: வடகரையிலுள்ள பத்து பெரிங்கி கடற்கரைக்குக் காலையிலேயே செல்க. அதற்கப்பால் தெலுக் பகாங்கில், 1986இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி இன்று எந்தோப்பியா என்று பெயர்பெற்ற இடம் உள்ளது. அங்கேயே, 2003இல் அமைக்கப்பட்ட பினாங்குத் தேசியப் பூங்காவின் வாயிலும் உண்டு. அப்பூங்காவின் கெராச்சூட் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. அங்குள்ள ஏரியில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாகக் கலவாமல் நிற்கும். ஆனால் காட்டுவழி நீண்டது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று.

திரும்பும்போது ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். பேருந்து பாலத்தின் வழியே பட்டர்வொர்த் செல்லட்டும். நாம் ஃபெரியில் கடலைக் கடந்து அங்கே ஏறிக்கொள்வோம். பேருந்துகளையும் கார்களையும் சுமந்த பழைய ஃபெரிகள் இப்போது ஓடுவதில்லை. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதியவை மக்களையும் மோட்டார் சைக்கிள், மிதிவண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. கரையை விட்டு நீங்கும்போது, முன்னோர் கப்பலில் கண்ட அதே துறைமுகத்தைப் பிள்ளைகள் நீரிலிருந்து காண்பர்.

கடலில் கவனம்

தீவின் அழகில் மயங்கி எச்சரிக்கையை மறத்தலாகாது. உச்சி வெயிலிலும் இடி மழையிலும் கடலில் இறங்காதீர்கள். ஒவ்வொரு நான்கு பிள்ளைகளுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். சொறிமீன் பட்டால் எரிச்சல் உண்டாகும். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்குக் கரையையும் தாக்கியது. நம் நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தவர்கள். கடல்நீர் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால், மீன் பொறுக்க ஓடாமல் மேட்டு நிலத்திற்கு ஓடுக. இதனை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

செல்லுமுன் கேளுங்கள்

எல்லாவற்றிலும் முதன்மையான ஏற்பாடு ஒன்றுண்டு; அதற்குப் பணமே வேண்டா. வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள முதியோரிடம், "நீங்களோ உங்கள் பெற்றோரோ எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினீர்கள்? எந்தக் கப்பலில் வந்தீர்கள்?" என்று கேளுங்கள். சிலர் பினாங்கு என்பர்; சிலர் கிள்ளான் துறைமுகம் என்பர்; சிலர் நமக்கு அருகிலுள்ள போர்ட்டிக்சனையே சொல்வர். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இங்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குமுன் வந்தவர்களுள் இன்று நம்மிடையே இருப்பவர் மிகச் சிலரே. நாங்கள் குறிப்பிட்ட பாட்டியும் இப்போது இல்லை. அவர் தம் பெற்றோரைப் பற்றி இன்னும் என்னென்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் இனி அறிய முடியாது.

மாணவச் செல்வங்களே! பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் பினாங்கு செல்ல இயலாவிட்டாலும் குறையில்லை. போர்ட்டிக்சன் கரையில் ஒரு முதியவரோடு அமர்ந்து அவர் கதையைக் கேட்பதும் ஒரு சுற்றுலாதான். நாளும் பொருளும் அறிந்து, கேட்டும் எழுதியும் புறப்படுவோம், பயனோடு திரும்புவோம்.

பயிற்சி

1. கிழக்குக் கரைத் தீவுகளுக்கு ஆண்டிறுதியில் செல்லலாகாது, ஏன்?
2. உங்கள் குடும்பம் நாளுக்கு மூன்று வெள்ளி சேமித்தால் ஓராண்டில் எவ்வளவு சேரும்? அதனை எவ்வாறு பிரிப்பீர்கள்?
3. கடலை மூன்றாம் நாளுக்கு ஒதுக்கியதன் காரணம் யாது?
4. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் பயணக் கதையைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.